காப்பிக் காட்டில் டீ குடிப்போர்: செம்மநத்தம் பெஞ்சை முன்வைத்து ஓர் ஆய்வு

ஏற்காட்டுப் பக்கத்துச் செம்மநத்தத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் படுவது காப்பிச் செடிதான். மேட்டிலும் காப்பி, பள்ளத்திலும் காப்பி, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தின் நிழலிலும் காப்பி. ஆனால் பெஞ்சில் இருப்பவர்கள் கையில் இருப்பது டீ. சேர்வராயன் மலையில் இருநூறு ஆண்டுகளாகக் காப்பி விளைகிறது. விளைவிக்கிறவன் டீ குடிக்கிறான். சங்ககாலத்துக் கள்ளைப் பற்றி எழுதித் தீர்த்த நம் ஆய்வுலகம் இந்தக் கண்ணாடி கிளாஸைத் திரும்பியும் பார்க்கவில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வு எல்லையை முதலில் வரையறுத்துவிட வேண்டும். இடம், பெஞ்சின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. காலம், பால் வந்து இறங்குவதிலிருந்து கடைசி பஸ் போய்ச் சேரும் வரை. முறை, பங்கேற்று நோக்கல். அதாவது ஆய்வாளனும் குடித்தான். நிதிநல்கை எதுவும் கிடைக்காததால் தரவு சேகரிப்பின் ஒரு பகுதி கடைக்கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. ஆய்வாளன் இவ்வூர்க்காரன், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவன், ஆகவே நடுநிலை உடையவன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

பிரச்சினையை ஆராய்ந்தவர்கள் பெஞ்சிலேயே பல பள்ளிகளாகப் பிரிந்து கிடக்கிறார்கள். அவர்களில் மூத்தவர்கள் வரலாற்றுப் பள்ளியினர். இவர்கள் எதைக் கேட்டாலும் காக்பர்ன் துரையில் தொடங்குவார்கள். எம்.டி. காக்பர்ன் 1820களில் சேலம் கலெக்டர். ஏற்காட்டின் தந்தை என்று அவருக்குப் பட்டம். காப்பியோடு ஆப்பிள், பேரி என்று வேறு சிலவற்றையும் மலையேற்றினார். மலையை வளைத்துப் பிடித்துக்கொண்டது காப்பி. அதற்கு முன் இந்த மலையின் பழங்குடிகளான மலையாளிகள் சாமையும் ராகியும் விதைத்தார்கள். கூழும் கஞ்சியும் குடித்தார்கள். விளைந்ததற்கும் குடித்ததற்கும் இடையே அப்போது எந்தத் தகராறும் இருக்கவில்லை.

காக்பர்னை பாபா புடனோடு ஒப்பிட்டால்தான் விஷயம் துலங்கும் என்பது இந்தப் பள்ளியின் வாதம். பதினேழாம் நூற்றாண்டில் மக்கா போய்த் திரும்பிய அந்த சூஃபிப் பெரியவர், ஏமன் நாட்டிலிருந்து ஏழு காப்பிக் கொட்டைகளை மறைத்து எடுத்து வந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழிச் செய்தி. மறைத்துக் கொண்டுவருகிறவன் அதன் ருசி தெரிந்தவனாகத்தான் இருக்க வேண்டும். கலெக்டரிடம் கொட்டையை ஒளிக்க அவசியமில்லை. அவர் கொண்டுவந்தது ஏற்றுமதிக்குரிய சரக்கு. ஆக, சிக்கமகளூருக்குக் காப்பி குடிபொருளாக வந்தது, சேர்வராயனுக்குப் பயிராக வந்தது. மஞ்சள் போடுகிறவன் மஞ்சளைக் குடிப்பதில்லை, சணல் போடுகிறவன் சணலைத் தின்பதில்லை. காப்பி போடுகிறவன் மட்டும் ஏன் அதைக் குடிக்க வேண்டும் என்று ஒரு பெரியவர் கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் பெஞ்சு கொஞ்ச நேரம் டீயை ஊதிக்கொண்டிருந்தது.

இலங்கையையும் இந்த இடத்தில் சேர்த்துப் பார்ப்பது நல்லது. சேலம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து ஜனங்கள் கப்பலேறிப் போய்க் கண்டிச் சீமையில் முதலில் பறித்தது காப்பிதான். 1869இல் அங்கே இலைத்துரு நோய் தலைகாட்டியது. அடுத்த இருபது ஆண்டுக்குள் காப்பித் தோட்டங்கள் அழிந்து, அதே சரிவுகளில் தேயிலை நின்றது. ஜேம்ஸ் டெய்லர் என்பவர் நோய்க்கு முன்பே, 1867இல், லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை வைத்துப் பார்த்துவிட்டிருந்தார். துரு எங்கள் பக்கமும் வந்தது. இன்றைக்கும் இலையைத் திருப்பினால் ஆரஞ்சு நிறத்தில் பொடி ஒட்டும். ஆனால் காப்பி போய்விடவில்லை. இலங்கைக்காரர்கள் பயிரை மாற்றினார்கள், நாங்கள் பானத்தை மட்டும் மாற்றிக்கொண்டோம்.

அறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்று 2000இல் ஒரு நூலே போட்டார். காப்பி எப்படி நடுத்தர வர்க்கத்தின் கௌரவமாயிற்று, டீ எப்படி உழைக்கிறவன் பக்கம் சேர்ந்தது என்று அதில் அழகாகக் காட்டியிருக்கிறார். அவர் பார்த்தது சமவெளி வீடுகளையும் ஓட்டல்களையும். காப்பியைக் குடிக்கிறவன் யார் என்பது அவர் கேள்வி. காப்பியைப் பறித்துவிட்டு வந்து உட்காருகிறவன் என்ன குடிக்கிறான் என்று கேட்க அவர் எங்கள் பெஞ்சுக்கு வந்திருக்கலாம். இடம் ஒதுக்கிக் கொடுத்திருப்போம்.

அடுத்தது பௌதிகப் பள்ளி. இதற்கு ஆய்வாளன் ஒருவனே உறுப்பினன். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயர்ந்தால் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். ஆகவே இங்கே தண்ணீர் 95 டிகிரிப் பக்கத்திலேயே கொதித்துத் தீர்ந்துவிடும். அதற்குமேல் எவ்வளவு விறகு வைத்தாலும் சூடேறாது, ஆவியாகத்தான் போகும். காப்பிக்கு ஊற்றும் தண்ணீர் 90க்கும் 96க்கும் இடையே இருக்க வேண்டும் என்று உலகத்துக் காப்பி நிபுணர்கள் விதித்திருக்கிறார்கள். சென்னைக்காரர் கொதித்த நீரைச் சற்று ஆறவிட்டு ஃபில்டரில் ஊற்ற வேண்டும். எங்களுக்கு அந்த வேலை மிச்சம். கொதித்ததும் நேராக ஊற்றலாம். இயற்கை இந்த மலையைக் காப்பி விளையவும் காப்பி போடவும் அளவெடுத்துச் செய்திருக்கிறது. கறுப்புத் தேயிலைக்கோ நூறு டிகிரியில் தளதளவென்று கொதிக்கிற நீர் கேட்கும். பௌதிகம் முழுக்க டீக்கு எதிராக நிற்கிற ஓர் ஊரில் டீ வெற்றி பெற்றிருக்கிறது என்றால் அது சாதாரண வெற்றி அல்ல.

இந்த முடிவைக் கடையின் டீ மாஸ்டரிடம் சமர்ப்பித்தேன். அவர் பாய்லரைத் துடைத்தபடி முழுக்கக் கேட்டார்.

“அப்ப நம்ம ஊர்ல பருப்பு வேக நேரமாவறதும் இதனாலதானுங்களா வாத்தியாரே?”

“ஆமா.”

“நான் வூட்டுல அவளத் திட்டிக்கிட்டு இருந்தனே.”

ஒரு குடும்பத்தில் அமைதி விளைவித்தது என்ற வகையில் பௌதிகப் பள்ளி பயனுடையதே. டீயின் வெற்றியை மட்டும் அதனால் விளக்க முடியவில்லை. விளக்கம் மாஸ்டரின் கையில் இருக்கிறது. ஐந்து டிகிரி சூட்டில் வரும் நட்டத்தை அவர் நேரத்தால் ஈடுகட்டுகிறார். விடியலில் போட்ட தூள் கொதித்துக்கொண்டே இருக்கிறது. அவ்வப்போது மேலே ஒரு கரண்டி விழுகிறது. வெளியூர்த் தேயிலை நிபுணர் ஒருவர் இதைக் கண்டால் கண்ணீர் விடுவார். குடித்தால் இன்னொன்று கேட்பார்.

பொருளாதாரப் பள்ளியின் வாதம் கொஞ்சம் கறாரானது. ஒரு கிளாஸ் டீக்கு இரண்டு, இரண்டரை கிராம் தூள் போதும். கிலோவுக்கு நானூறு கிளாஸுக்குக் குறையாமல் வரும். ஒழுங்கான காப்பிக்கு எட்டு, பத்து கிராமாவது வேண்டும். கிலோவுக்கு நூறு தாண்டினாலே பெரிது. கிலோ விலையும் காப்பித்தூளுக்கு அதிகம். இதில் 1930களின் தொடக்கத்தில் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் என்பவர் செய்த ஒரு காரியத்தை மறக்கக் கூடாது. தேயிலையை உருட்டாமல் நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் இயந்திரத்தை அவர்தான் கொண்டுவந்தார். அதிலிருந்து வருகிற சிடிசி தூள் தொட்டதும் நிறம் விடும், தண்ணிப் பாலிலும் தலை நிமிர்ந்து நிற்கும். காப்பிக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. பாலில் தண்ணீர் சேர்ந்தால் முதல் வாயிலேயே காட்டிக்கொடுத்துவிடும். பாலின் நிலைமை பற்றி மேலும் விரித்துரைக்க ஆய்வாளனின் கடைக்கணக்கு இடம் தரவில்லை.

இதே பத்தாண்டில்தான் தேயிலை முதலாளிகளின் விளம்பர வாரியம் ஊர் ஊராக வண்டி விட்டு, ஜனங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து இலவசமாக டீ ஊற்றிப் பழக்கியது. காப்பிக்காரர்கள் என்ன செய்தார்கள்? 1940களில் காப்பி வாரியம் வந்தது. விளைவித்த காப்பி முழுவதையும், வீட்டுச் செலவுக்கும் விதைக்கும் என்று அனுமதித்தது போக, வாரியத்தின் பொதுக் கிடங்கில் சேர்த்துவிட வேண்டும்; வாரியம் ஏலம் விட்டுத் தவணை தவணையாகப் பணம் தரும். 1990களில் தளர்த்தப்படும் வரை இதுதான் சட்டம். ஒருவன் தன் களத்தில் காய்கிற காப்பியைப் பக்கத்துக் கடைக்குத் தன் இஷ்டத்துக்கு விற்க வழியில்லை. ஒரு தரப்பு வீடு தேடி வந்து இலவசமாக ஊற்றுகிறது. இன்னொரு தரப்பு உங்கள் வீட்டிலிருந்ததை எடுத்துக்கொண்டு ரசீது கொடுக்கிறது. எந்தப் பானம் மனதில் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கப் பெரிய கோட்பாடு தேவையில்லை.

கடையில் காப்பியே கிடையாது என்று வாசகர் நினைத்துவிடக் கூடாது. உண்டு. வெளியூர் வண்டி வந்து நிற்கும். ஏரியில் படகு விட்டு, லேடி சீட்டில் போட்டோ எடுத்து, மிளகாய் பஜ்ஜி தின்று, கூட்டம் பிடிக்காமல் கிராமத்துப் பக்கம் ஒதுங்கியவர்கள் இறங்குவார்கள். சுற்றிலும் செடிகளைப் பார்த்துப் பரவசப்பட்டு, “இங்க விளையற காப்பியிலயே ஒண்ணு போடுங்கண்ணா” என்பார்கள். மாஸ்டர் மறுபேச்சில்லாமல் தலைக்குமேல் சரமாகத் தொங்கும் பாக்கெட்டில் ஒன்றைக் கிழிப்பார். அந்தப் பாக்கெட்டின் யாத்திரை தனி ஆய்வுக்கு உரியது. இங்கே பறித்த பழம் தோல் நீங்கி, காய்ந்து, மூட்டையாகி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் போய், அங்கிருந்து எங்கெங்கோ போகிறது. இந்தியக் காப்பியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கடல் தாண்டிவிடும். முதல் வாடிக்கையாளர் இத்தாலி. மிஞ்சியதில் ஒரு சிட்டிகை தூளாகி, குஜராத் பக்கத்தில் விளையும் சிக்கரி வேரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, அதே 20 வளைவுகளிலும் ஏறி எங்கள் கடைக்கு வருகிறது. காப்பி பாதிக்குச் சற்று மேலே, அதாவது 51 விழுக்காடு, இருந்தால் போதும் என்று சட்டமும் சொல்கிறது. வெளியூர்க்காரர் கண்ணை மூடி ஒரு வாய் குடிப்பார். “என்ன இருந்தாலும் விளையற எடத்துல குடிக்கிற ருசியே தனிதான்” என்பார். பெஞ்சு எதுவும் சொல்லாது. விருந்தாளியின் சந்தோஷத்தைக் கெடுக்கிற வழக்கம் மலையில் இல்லை.

இனி, எல்லாப் பள்ளிகளும் தவறவிட்ட இடத்துக்கு வர வேண்டும். அவர்கள் கடையைப் பார்த்தார்கள், வீட்டைப் பார்க்கவில்லை. செம்மநத்தத்தில் விடிந்ததும் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கையில் கொடுப்பது வரக்காப்பி. பால் கிடையாது; வெல்லம் உண்டு. கொட்டையை மண்சட்டியில் போட்டு, வீடு முழுக்கப் புகையும் வாசனையுமாகக் கறுக வறுத்து, உரலில் இடித்தோ மிக்சியில் அரைத்தோ வைத்திருப்பார்கள். பொட்டலத்துத் தூளுக்கு இல்லாத ஒரு முரட்டுக் கசப்பு அதில் உண்டு. வெல்லம் அதைச் சமாதானப்படுத்தப் பார்க்கும், முடியாது. தொண்டை கட்டினால் இதில் மிளகு விழும். எழவு வீட்டில் ராத்திரி முழுக்க இதுதான் சுற்றி வரும். இதற்கு யாரும் காசு கேட்பதில்லை; கொடுப்பதுமில்லை.

இதில் எந்தக் கொட்டை போகிறது என்பதுதான் நுட்பம். நவம்பரிலிருந்து ஜனவரி வரை பழம் எடுப்பு. சிவந்த பழமாகப் பார்த்துப் பறித்தது விற்பனைக்கு. தண்ணீரில் போட்டால் மிதக்கிறது, கறுத்தது, உடைந்தது, மரத்தடியில் தானாக உதிர்ந்தது, தரம் பிரிக்கிறவன் ஒதுக்கித் தள்ளியது, இவையெல்லாம் வீட்டுச் சட்டிக்கு. அந்த உதிரியில் மரநாய் தின்று வெளியே தள்ளியதும் கலந்து கிடக்கும். மரநாய் சாதாரணப் பறிப்பாளன் அல்ல. பழுத்ததிலும் நன்றாகப் பழுத்ததைத்தான் தொடும். அதன் வயிற்றில் ஊறிவந்த கொட்டைக்கு இந்தோனேசியாவில் ஒரு பெயர் வைத்து, உலகத்துக் கோடீஸ்வரர்கள் கிராம் கணக்கில் வாங்கிக் குடிக்கிறார்கள். எங்கள் பாட்டிமார் அதைக் கழுவிக் காயவைத்து எழவு வீட்டுக்கு ஊற்றினார்கள்.

எனவே இக்கட்டுரையின் கருதுகோள் இது. செம்மநத்தத்தான் காப்பி குடிக்காதவன் அல்ல. காசு கொடுத்துக் காப்பி குடிக்காதவன். கொல்லையில் முருங்கை நிற்கிறவன் சந்தையில் முருங்கைக்காய் வாங்கினால் ஊர் என்ன சொல்லுமோ, அதைத்தான் கடையில் காப்பி கேட்கிறவனையும் சொல்லும். கடைக்குப் போவது வீட்டில் இல்லாத ஒன்றுக்காக. பால், சர்க்கரை, பக்கத்துக் காட்டுக்காரன், பஸ் வரும் நேரம், யார் யாருக்குப் பெண் கொடுக்கப் பேசுகிறார்கள் என்ற தகவல் எல்லாம் சேர்ந்து ஒரு கிளாஸில் கிடைக்கிறது. அதற்கு டீ என்று பேர். பனிமூட்டம் இறங்கி எதிர் ஆள் தெரியாத நாளில் கிளாஸைக் குடிக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே பிடித்துக்கொண்டே அரைமணி நேரம் ஓட்டுகிறவர்களும் உண்டு. அவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் ‘வெப்பப் பயனர்’ என்று தனி வகைப்பாடு ஏற்படுத்த வேண்டியதாயிற்று.

டீ குடித்தபடி பெஞ்சு பேசுவது பெரும்பாலும் காப்பியைப் பற்றித்தான் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். மார்ச், ஏப்ரலில் பூமழை விழுந்ததா, விழுந்தபின் மறுமழை கிடைத்ததா, தண்டுதுளைப்பான் எத்தனை செடியைக் கொண்டுபோயிற்று, காட்டெருமை எந்த வேலியை மிதித்தது. பூமழை விழுந்து ஒன்றிரண்டு வாரத்தில் காடே வெள்ளையாகப் பூத்து மல்லிகை மாதிரி மணக்கும் நாலைந்து நாளில் மட்டும் பேச்சு குறையும். மற்ற நாளெல்லாம் பேச்சு செம்மநத்தத்தில் தொடங்கி பிரேசிலில் முடியும். இந்த மலையில் சேலத்தைத் தாண்டாதவர்கள்கூட பிரேசில் வானிலையில் தேர்ந்தவர்கள். 1975 ஜூலையில் பரனா மாநிலத்தில் உறைபனி விழுந்து கோடிக்கணக்கான காப்பி மரங்கள் கருகியதை, பக்கத்துத் தெருவில் நடந்த மாதிரி சொல்கிற பெரியவர்கள் இருந்தார்கள். 2025 தொடக்கத்தில் நியூயார்க் சந்தையில் அராபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியபோதும் பெஞ்சுக்கு அது செல்போனில் வந்து சேர்ந்துவிட்டது.

“பிரேசில்ல மழையே இல்லியாம்ணா.”

“அப்படியா? பாவம்.” அந்தப் பாவத்தில் இருந்த குளிர்ச்சியை எழுத்தில் கொண்டுவர முடியாது.

“போன வருசம் வித்துப்புட்டியே?”

“அதான்ணா வயிறு எரியுது. இன்னொரு டீ சொல்லுங்க.”

அராபிகா விலை உச்சத்துக்குப் போன அந்த மாதங்களில் பெஞ்சில் காப்பி கேட்பவர்கள் கூடியிருக்க வேண்டுமல்லவா? கையில் காசு இருக்கிறதே. கூடவில்லை; மாறாக, வீட்டில் வரக்காப்பியும் குறைந்தது. உதிரிக்கும் விலை வந்துவிட்டதால் மிதந்தது, கறுத்தது எல்லாம் மூட்டைக்குள் போயிற்று. காப்பி ஏறினால் காப்பிக்காரன் காப்பியைக் குறைத்துக்கொள்கிறான் என்ற இந்த விதியைப் பொருளாதாரப் பள்ளிக்கு இலவசமாக வழங்குகிறேன்.

கட்டுரையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கருதுகோளுக்கு ஆதரவாகவா எதிராகவா என்று தெரியாத ஒரு தரவு கிடைத்தது. கடையில் கூட்டம் ஓய்ந்திருந்தது. மாஸ்டர் எங்கே என்று பார்க்கப் பாய்லருக்குப் பின்னால் போனேன். அவர் தலைகீழாகக் கவிழ்த்த பால் கூடையில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து வந்த தூக்குப்போசி மூடியில் ஊற்றி எதையோ குடித்துக்கொண்டிருந்தார். கறுப்பாக இருந்தது. வெல்ல வாசனை வந்தது.

“டீ குடிக்கறது இல்லீங்களா?” என்றேன்.

“யாரு, இதையா?” பாய்லரைத் திரும்பிப் பார்த்தார். “நாலு மணிலேர்ந்து கொதிக்குதுங்க அது.” பிறகு மூடியை என் பக்கம் நீட்டினார். “ஒரு வாய் குடிச்சுப் பாருங்க, நம்ம காட்டுக் காப்பி. ஆனா வாத்தியாரே, என்னமோ ஆராய்ச்சி எழுதறீங்கல்ல, அதுல இதச் சேத்துராதீங்க. யாவாரம் படுத்துரும்.”